மெத்தைக் கடை அக்கா பேரில் ஒரு கடன்

என் கையெழுத்து நன்றாக இருக்கும், ஐயா. அதனால்தான் விசாரணை வாக்குமூலத்துக்குத் தட்டச்சு வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் தேதி எழுதுகிற வேலை எப்போதும் எனக்குத்தான். வங்கியில் கம்ப்யூட்டர் வந்த பிறகும்கூட, ஓய்வு பெறுகிறவர்களுக்கு வாழ்த்து மடல் எழுத என் மேஜையைத் தேடித்தான் வருவார்கள். நீங்கள் கொடுத்த பேனா கொஞ்சம் கசிகிறது. பரவாயில்லை, பழகிக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்டிருப்பது முப்பத்தொரு கடன்களைப் பற்றி. அதில் முப்பதால் யாருக்கும் சல்லிக்காசு நஷ்டமில்லை. இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் இந்த ஒரு வாக்கியத்தை எனக்கு நானே பல நாள் சொல்லிப் பார்த்திருக்கிறேன், சொல்லும்போதெல்லாம் ஆறுதலாகவும் இருந்திருக்கிறது. மீதி ஒன்று மெத்தைக் கடை அக்காவுடையது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் பதிவுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். அரசு வங்கியோ தனியார் வங்கியோ, கொடுக்கிற கடனில் ஒரு பங்கு, யாரும் கடன் கொடுக்காதவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. செருப்புத் தைப்பவர், தள்ளுவண்டிக்காரர், இரண்டு மாடு வைத்துப் பிழைப்பவர், ஒரே ஒரு தையல் மிஷினை நம்பிக் குடும்பம் நடத்துபவர். நல்ல விதி. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வருடக் கடைசியில் தலைமை அலுவலகம் எண்ணிப் பார்க்கும். எண்ணிக்கை குறைந்தால் கிளைக்குக் கெட்ட பேர்.

சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. தொழிற்சாலை முதலாளிக்குக் கடன் கொடுக்க ஒரு ஃபைல் போட வேண்டும். செருப்புத் தைப்பவருக்குக் கொடுக்கவும் அதே கனத்தில் ஒரு ஃபைல் போட வேண்டும். முதலாளி தன் கணக்கரை அனுப்புவார், கேட்ட காகிதமெல்லாம் கட்டாக வந்து சேரும். செருப்புத் தைப்பவரிடம் போன வருட வருமானத்துக்கு என்ன சான்று என்று கேட்டால் அவர் தன் கையைத் திருப்பிப் பார்ப்பார். முதல் ஐந்து வருடம் நானும் குடையும் பையுமாகத் தெருத்தெருவாக அலைந்தவன்தான். நாற்பது பேரைப் பார்த்தால் நான்கு ஃபைல் தேறும். அந்த நான்கையும் சேர்த்தால் ஒரு முதலாளியின் கடனில் தூசி அளவுதான் வரும். மேனேஜர் அந்தத் தூசியைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். கால் வலித்தது, ஐயா. கொஞ்சம் கொஞ்சமாகத் தெருவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

ஒரு வருடக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டார். "முப்பத்தொண்ணு குறையுது. ஒம்போது நாள்தான் இருக்கு. ஆளைப் புடிப்பீங்களோ அச்சடிப்பீங்களோ, எனக்கு நம்பர் வந்தாகணும்" என்றார். அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், சர்க்கரை வேறு ஏறிக் கிடக்கிறார். அவர் தலையை உருட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எப்படிச் செய்தாய் என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. எப்படி என்று கண்டுபிடித்தவன் நான்தான்.

அந்த வருடத் தொடக்கத்தில், எல்லோருக்கும் சேமிப்புக் கணக்கு என்று தெருவுக்குத் தெரு முகாம் போட்டிருந்தோம். படிவத்தில் ஏதாவது தப்பாகிவிட்டால் பாவம், சின்னத் தொழில் செய்கிறவர்கள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் திரும்ப வர வேண்டும். அதனால் ஒவ்வொருவரிடமும் கூடுதலாக ஆறு வெறும் தாளில் கையெழுத்து வாங்கி வைப்பது எங்கள் வழக்கம். கெட்ட எண்ணத்தில் வந்த வழக்கமில்லை. என் அலமாரியின் இரண்டாவது தட்டில் அந்தத் தாள்களைப் பேர்வாரியாக அடுக்கி வைத்திருந்தேன்.

ஒன்பது நாளில் ஐந்து நாள் யோசித்தேன். ஆறாவது நாள் அலமாரியைத் திறந்தேன்.

வழி மிகவும் எளிது. ஒருவர் பேரில் கடன் கொடுத்ததாக ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கொடுத்த பணத்தை அவர் பேரிலேயே, அதே கிளையில், அதே மணி நேரத்தில் வைப்புத் தொகையாகப் பூட்டி வைத்துவிட வேண்டும். வருடக் கணக்கு மேலே போன பத்தாவது நாள், இன்னொரு தாளை எழுதி வைப்பை உடைத்துக் கடனை அடைத்துவிட வேண்டும். பணம் ஒரே சட்டையில் இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்குப் போய்த் திரும்பியது போலத்தான். பத்து நாள் வட்டியைக் கிளையின் தேநீர்ச் செலவில் சேர்த்துவிடலாம். சம்பந்தப்பட்டவருக்கு இதெல்லாம் காதில்கூட விழாது. காகிதத்தில் இருக்கிற தொலைபேசி எண்ணும் கடித முகவரியும் கிளையுடையவை.

ஒரு வருடத்துக்கு ஆளுக்கு இரண்டு தாள். ஆறு தாள் மூன்று வருடத்துக்கு வரும். இரண்டு வருடம் தாராளமாக ஓடியது. இரண்டாம் வருடம் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதில் என் பேருக்குக் கீழே, நலிந்தோர்க்குக் கரம் கொடுத்தவர் என்று பொறித்திருந்தது. என் மனைவி அதை வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தாள். அதைத் துணி போட்டு மூட வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் வருடம்தான் வினை வந்தது. எங்கள் கிளைக்கு எதிர்ப்புறம் ஒரு தனியார் வங்கி இருக்கிறது. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, மேஜையில் ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய். தெருக்காரர்கள் அதைக் கண்ணாடி வங்கி என்பார்கள். சின்னத் தொழிலாளி யாரும் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் நான் பார்த்ததில்லை. ஆனால் அவர்களுக்கும் அதே விதிதான், அதே பங்குதான். அவர்கள் ஆள் தேடி அலைய மாட்டார்கள். குறைகிற பங்கை, ஏற்கெனவே கொடுத்தவர்களிடமிருந்து மொத்தமாக விலைக்கு வாங்கிவிடுவார்கள். அதற்கும் விதியில் இடமிருக்கிறது. அந்த வருடம் எங்கள் தலைமை அலுவலகம் ஒரு கட்டுச் சின்னக் கடன்களை அவர்களுக்கு விற்றது. என் முப்பத்தொன்றும் அந்தக் கட்டில் போய்விட்டன. கடன் எதிர்ப்பக்கம் போய்விட்டது, பணம் இந்தப் பக்கம் பூட்டிக் கிடந்தது.

ஆனாலும் வழி இருந்தது. ஆளுக்கு இன்னும் ஒரு தாள் மிச்சம் இருந்ததே. ஒவ்வொரு தாளாக எழுதி, வைப்பை உடைத்து, சாலையைக் கடந்து போய், வாடிக்கையாளர் முன்கூட்டியே கட்டுகிறார் என்று சொல்லி அடைத்துவிட்டு வந்தேன். இரண்டு வாரத்தில் முப்பது முடிந்தது. கண்ணாடி வங்கியின் அதிகாரி சின்ன வயசுக்காரர். "என்ன சார், உங்க ஆளுங்க எல்லாம் வாங்கின கையோட திருப்பிக் கட்டுறாங்க, இவ்வளவு நாணயமா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

மெத்தைக் கடை அக்காவின் ஆறாவது தாளில் வேறொருவருடைய கணக்கு எண்ணை எழுதிவிட்டேன். அவருக்கு முந்தின ஆள் ஒரு பூட்டுச் சாவிக்காரர். அவருடைய எண் கை ஓட்டத்தில் வந்துவிட்டது. அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கணக்குக்காரர் மறுபடியும் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை வருடத்தில் ஓர் எண்ணைக்கூட நான் தப்பாக எழுதியதில்லை. அந்தத் தாளைப் பார்த்து எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. மற்ற எதற்கும் அதுவரை வெட்கப்படாதவன் அதற்கு வெட்கப்பட்டேன் என்பதை இப்போது கவனிக்கிறேன்.

அவர் கையெழுத்தை நானே போட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நான் யார் கையெழுத்தையும் போட்டவனில்லை. அந்தப் பழக்கம் எனக்குக் கிடையாது.

நேரில் போய்க் கேட்டிருக்கலாம். அவர் கடை வங்கியிலிருந்து பத்து நிமிட நடை. வாசலில் ஒரு பலகை, உள்ளே கழுத்துவரை பஞ்சு, ஒரு தையல் மிஷின். அக்கா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மூங்கில் கழியால் பஞ்சை அடித்துக்கொண்டிருப்பார். ஆனால் அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆள். முகாமிலேயே, "வெறும் தாள்ல எதுக்கு சார் கையெழுத்து?" என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். "எதுக்கும் இருக்கட்டும்மா, உங்களைத் திரும்ப அலைய விட வேண்டாமேன்னுதான்" என்றேன். சரி, படித்த மனிதர் சொல்கிறார் என்று போட்டுக் கொடுத்தார். இப்போது போய்க் கேட்டால் அந்தக் கேள்வியை மறுபடி கேட்பார். அதற்குப் பயந்து நாளை, நாளை என்று தள்ளினேன்.

கைக்காசைப் போட்டு அடைத்திருக்கலாம். அது என்னுடைய நான்கு மாதச் சம்பளம். என்னிடம் இருந்தது. மகளின் படிப்புக்கென்று வைத்திருந்தேன். அதில் கை வைக்க மனசு வரவில்லை.

அப்படியே ஐந்து மாதம் போனது. கட்டாத கடன் என்று அக்காவின் பேர் எல்லா வங்கிகளின் கம்ப்யூட்டரிலும் ஏறிவிட்டது. கண்ணாடி வங்கியின் நோட்டீசுகள் கிளை முகவரிக்கு வந்தன. நான் அவற்றைக் கிழித்துப் போடவில்லை, தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பிறகு ஒரு நாள் காலை அக்காவே வந்தார். நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூட எடுத்துவிட்டு வந்திருந்தார். நர்சுகள் பயிற்சி விடுதி ஒன்றில் இருநூறு மெத்தைக்கு ஆர்டர் கிடைத்திருந்தது. கையால் அடித்தால் முடியாது, பஞ்சு அரைக்கிற மிஷின் ஒன்று வேண்டும். "இது மட்டும் கிடைச்சுட்டா சார், நானும் தம்பியும் ஒரு மனுஷங்களா நிமிர்ந்துடுவோம். இனிமே இந்தக் கழியைத் தொட வேண்டாம்" என்றார். கணக்கு எல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான் தெருவில் அலைந்த ஐந்து வருடத்தில் இவ்வளவு சுத்தமான ஒரு விண்ணப்பத்தைப் பார்த்ததில்லை. விதி எழுதியவர்கள் மனதில் நினைத்தது இப்படி ஓர் ஆளைத்தான். மூன்று முறை இவருக்குக் கடன் கொடுத்ததாகக் கணக்குக் காட்டியிருக்கிறேன், உண்மையில் கேட்டு வந்தபோது கொடுக்க வழியில்லை.

நான் கம்ப்யூட்டரைப் பார்ப்பது போலப் பார்த்தேன். "உங்க பேர்ல எதிர் வங்கியில ஒரு கடன் நிலுவையில இருக்கேம்மா" என்றேன்.

"எதிர் வங்கியா? அந்தக் கண்ணாடிக் கதவை நான் தொட்டதுகூட இல்லையே சார்."

"இங்க கொடுத்து, அங்க மாத்தினது. கையெழுத்து உங்களுதுதான்." நகலைத் திருப்பிக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். கையெழுத்து அவருடையதுதான், சந்தேகமே இல்லை. பிறகு தலையைத் தூக்கி, "அன்னிக்கு முகாம்ல வெறும் தாள்ல..." என்று ஆரம்பித்தார்.

ஐயா, இந்த இடத்தைத்தான் நான் பல தடவை திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறேன். அவர் அந்த வாக்கியத்தை முடித்திருந்தால் எல்லாம் அன்றே முடிந்திருக்கும். எனக்கு வேலை போயிருக்கும், அவ்வளவுதான். அவர் முடிப்பதற்குள் நான் குறுக்கே கேட்டேன். சத்தம் போடவில்லை. அக்கறையாகத்தான் கேட்டேன்.

"வீட்ல உங்க காகிதம் எல்லாம் யார் கையிலம்மா இருக்கு?"

அவர் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. அவருக்குத் தம்பி ஒருவன் உண்டு. தாய் தகப்பன் இல்லாமல் இவர் வளர்த்தவன். பத்தொன்பது வயதில் ஏதோ சூதாட்டத்தில் விழுந்து, அக்காவின் தையல் மிஷினைக் கொண்டுபோய் அடகு வைத்துவிட்டான். பிறகு திருந்திவிட்டான். ஆறு வருடமாக அக்காவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து மெத்தை தைக்கிறான், வெற்றிலைபாக்குக்கூடப் போடுவதில்லை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கணக்குத் தொடங்கும்போது அக்காதான் சொன்னார். தம்பி பேரைச் சேர்க்க வேண்டாம் என்றதற்குக் காரணம் கேட்டேன், தயங்கித் தயங்கிச் சொன்னார். வங்கிக்காரனிடம் சொல்வது வைத்தியரிடம் சொல்வது மாதிரி என்று நினைத்திருப்பார். ஆகவே நான் எங்கே விரலை வைக்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"தம்பியா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் ஃபைலை மூடினேன்.

நான்கு நாள் கழித்துத் தம்பிக்காரன் வந்தான். ஒல்லியான ஆள், விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு. "சார், நான் வாங்கல. எங்க அக்கா மேல சத்தியமா வாங்கல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நம்பும் சார். உங்க மேல அதுக்கு அவ்வளவு மரியாதை" என்றான். கம்ப்யூட்டரில் இருப்பதைத்தான் நான் சொல்ல முடியும் என்றேன். பணம் வாங்கியது யார் என்று கம்ப்யூட்டரில் இருக்காதா என்று கேட்டான். இருக்காது என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனான். நன்றி சொன்னான், ஐயா.

அடுத்த வாரம் மறுபடி வந்தான். முகம் வற்றியிருந்தது. "நான்தான் வாங்கினேன்னு எழுதிக்குங்க சார்" என்றான்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன், ஏன் என்று.

"அக்கா மிஷின்ல உக்காந்து ஒரு வாரம் ஆச்சு. விடுதி ஆர்டரும் கை நழுவிப் போச்சு. சாப்பிட மாட்டேங்குது. ஒத்துக்கடா, ஒத்துக்கிட்டா மன்னிச்சிடுறேன், நீ ஒத்துக்காமத்தான் என்னைக் கொல்றேன்னு அழுவுது. நான் இல்லைன்னா வேற யாரு சார்? எனக்கே சில நேரம் நான்தான் வாங்கி மறந்துட்டேனோன்னு இருக்கு. ஒரு காகிதம் எழுதிக் குடுத்துடுறேன், நான் சம்பாதிச்சுக் கட்டிடுறேன். அது நிம்மதியா இருக்கட்டும்."

எழுத வராது, நீங்களே எழுதிக் கொடுங்கள் என்றான். எழுதினேன். அக்காவுக்குத் தெரியாமல் அவர் காகிதங்களை எடுத்து, ஏமாற்றிக் கையெழுத்து வாங்கி, கடன் பெற்றுச் செலவழித்துவிட்டேன், இனி மாதாமாதம் நானே கட்டுவேன் என்று. என்னுடைய மிக நல்ல கையெழுத்தில், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல். அவன் கீழே தன் பேரைக் கோணல்மாணலாகப் போட்டு, அக்காவிடம் கொடுக்க எடுத்துக்கொண்டான். கண்ணாடி வங்கிக்கு நானே போய், பேசி, இருபத்தாறு தவணையாக்கிக் கொடுத்தேன். அந்தச் சின்ன அதிகாரி, வாடிக்கையாளருக்காக இவ்வளவு மெனக்கெடுகிறீர்களே என்றார்.

மன்னிக்கிறேன் என்று சொன்ன அக்காவால் காகிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகு மன்னிக்க முடியவில்லை. அன்று மாலையே அவனுடைய துணிமணியை ஒரு மெத்தை உறையில் போட்டு வாசலில் வைத்துவிட்டாராம். அவன் துறைமுக ஊருக்குப் போய், பஞ்சு மூட்டைக் கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்கச் சேர்ந்தான். பஸ்ஸில் ஏழு மணி நேரம். அக்கா கோபத்தில் அவன் எண்ணைத் தன் போனிலிருந்து அழித்தார். பிறகு அவனும் எண்ணை மாற்றினான். புது எண் என்னிடம் இருந்தது. கிடங்கில் உறவினர் முகவரி கேட்டபோது வங்கியின் முகவரியை என் பேரோடு கொடுத்திருந்தான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அக்கா இரண்டு தலையணை கொண்டுவந்து கொடுத்தார். "நீங்க சொல்லலைன்னா எனக்குக் கடைசிவரைக்கும் தெரிஞ்சே இருக்காது சார்" என்றார். வேண்டாம் என்று சொன்னால் சந்தேகப்படுவாரோ என்று வாங்கிக்கொண்டேன். உருண்டை பிடிக்காத நல்ல பஞ்சு. என் மனைவி கடையில் இந்த மாதிரி கிடைக்காது என்றாள். அதில் தலை வைத்தால் தூக்கம் வராது என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நன்றாகத்தான் வந்தது. என்னைப் பற்றி எனக்கு மிகவும் கேவலமாகத் தோன்றுவது அதுதான்.

தம்பிக்காரன் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. பணம் அனுப்பிவிட்டுக் கூப்பிடுவான். கடைசியில் எப்போதும் ஒரே கேள்வி, "அக்கா என்னைக் கேட்டுச்சா சார்? கேட்டா நம்பரைக் குடுங்க." "இல்லப்பா, இன்னும் கோபம் தணியல" என்பேன். முதல் வருடம் அது உண்மை. இரண்டாம் வருடம் அக்கா வந்தார். அந்த மாதத் தவணை கட்டியாகிவிட்டதா என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, படிக்கட்டு வரை போய்த் திரும்பி வந்தார். "அவன் எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா சார்? திட்டறதுக்கில்ல. உடம்புக்கு எப்படி இருக்கானோன்னுதான்." எனக்குத் தெரியாதும்மா, பணம் மட்டும் வருகிறது என்றேன். அந்த மாதமும் அவன் கேட்டான். இல்லை என்றேன். அதற்கு அடுத்த மாதங்களிலும் அக்கா கேட்டார், அவனும் கேட்டான். இரண்டு பேரும் ஓர் அரை மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் போதும், வெறும் தாள் பேச்சு வந்துவிடும். அது வரக் கூடாது. அதற்காக ஓர் அக்காவையும் தம்பியையும் நான் பிரித்து வைத்திருந்தேன். ஏறக்குறைய ஒரு வருடம்.

இருபத்துநான்காவது தவணைக்குப் பிறகு துறைமுக ஊர் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உறவினருக்கு என்று போட்டு, கீழே வங்கி முகவரி. நுரையீரல் முழுக்கப் பஞ்சுத் தூசி அடைத்து, மூச்சு விட முடியாமல் சேர்த்திருக்கிறார்கள். நோயாளி அக்காவைப் பார்க்க வேண்டும் என்கிறார், உடனே அழைத்து வரவும் என்று எழுதியிருந்தார்கள். அவன் எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை.

கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்தேன். முதல் நாள் கிளையில் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் கூட்டம். இரண்டாம் நாள் தணிக்கைக்கு ஆட்கள் வந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு வேலையும் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் எழுந்து அவர் கடை முனை வரைக்கும் போனேன். உள்ளே பஞ்சு அடிக்கிற சத்தம் கேட்டது. எதிர்க்கடையில் ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். சாகக் கிடக்கிறவன் நான் வாங்கவில்லை அக்கா என்று சொன்னால், யார்தான் நம்ப மாட்டார்கள்? அதுதான் காரணம். வேறு காரணம் இல்லை. இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன்.

பதினோராம் நாள் இரண்டாவது கடிதம் வந்தது. ஏழாம் நாளே முடிந்துவிட்டதாம். யாரும் வராததால் கிடங்குக்காரர்களே எல்லாம் செய்துவிட்டார்களாம். முதல் ஆறு நாளில் எந்த நாள் கொடுத்திருந்தாலும் அக்கா போய்ச் சேர்ந்திருப்பார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கைத் தாளில் போடவில்லை, மனதிலேயே போட்டேன்.

இரண்டு கடிதங்களும் இழுப்பறையில் இருக்கின்றன. சாவியை உங்கள் மேஜையில் வைத்துவிட்டேன். இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் அக்கா மூன்று முறை வந்து தம்பியை விசாரித்தார். மூன்று முறையும் தெரியாது என்றேன். மீதி இருந்த இரண்டு தவணையை என் கைக்காசிலிருந்து கட்டினேன், ஐயா. மகளின் பணத்திலிருந்துதான். அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். அக்கா பேரில் பூட்டிய அந்த வைப்புத் தொகையை நான் தொட்டதே இல்லை. வட்டியோடு அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்துத்தானே நீங்கள் வந்தீர்கள்.

செய்தது எல்லாம் நான்தான். மேனேஜருக்குத் தெரியாது, கண்ணாடி வங்கிக்குத் தெரியாது, தம்பிக்காரன் ஒரு பைசா வாங்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். சாட்சி சொல்ல நீங்கள் அக்காவை அழைத்திருக்கிறீர்கள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு ஏதோ இக்கட்டு என்று கேள்விப்பட்டு, எனக்காகப் பேச, தம்பி எழுதிக்கொடுத்த அந்தக் காகிதத்தைக் கையோடு எடுத்து வந்திருக்கிறாராம். நான் பின்பக்க வழியாகப் போய்விடுகிறேன். இதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை, பாவம், அவர் தாங்க மாட்டார். தம்பி இறந்துவிட்டான், ஆனால் கடனை ஒரு தவணை விடாமல் கட்டிவிட்டுத்தான் போனான் என்று மட்டும் சொல்லுங்கள். அதைக் கேட்டால் அவர் அவனை மன்னித்துவிடுவார்.